ஆண்டுகளுக்குப் புள்ளி: யாழ்ப்பாணப் பால் கூட்டுறவுச் சங்கமொன்றில் ஒரு முகாமையாளர் நியமனமும் அதன் விளைவுகளும்

பின்னணி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இயங்கும் ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 2021 முதல் 2023 வரை நிகழ்ந்தவற்றை இங்கே பதிவுசெய்கின்றேன். சங்கத்தின் பெயரும் தொடர்புடையோரின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. அடையாளம் வெளிப்படாதிருக்கும் பொருட்டு இடம், அளவு பற்றிய விபரங்கள் பொதுமைப்படுத்தப்பட்டுள்ளன. 2021இன் இறுதியில் பணிப்பாளர் சபை கேட்டுக்கொண்டதற்கு இணங்க நிலைமையை ஆராய்ந்து ஆலோசனை வழங்கியவன் என்ற முறையில் இதனை எழுதுகின்றேன்.

சங்கத்தின் அங்கத்தவர்களுட் பெரும்பாலோர் ஒன்று முதல் மூன்று வரையான பசுக்களை வளவுக்குள் கட்டி வளர்ப்பவர்கள். குடாநாட்டில் மேய்ச்சல் தரை குறைவு. நெல்லும் மழையை நம்பிக் காலபோகத்தில் மட்டுமே விளைவதால் வைக்கோல் ஆண்டுக்கு ஒருமுறைதான் கிடைக்கும். தை, மாசியில் சேர்த்த வைக்கோல் ஆனி, ஆடியோடு தீர்ந்துவிட, மாரிமழை தொடங்கும்வரை பனையோலையும் வேலிக்குழையும் காசு கொடுத்து வாங்கும் தவிடும் புண்ணாக்குமே மாட்டின் தீனி. பின்னர் எழுந்த பிணக்கின் வேர் இதிலேயே இருந்தமையால் இதனை முதலிலேயே சொல்லிவைக்கின்றேன்.

2020இன் இறுதியில் ஓய்வுபெற்ற முகாமையாளர் 1980களில் பால் சேகரிப்பாளராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். 1990இல் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்று, எரிபொருள் உட்படப் பல பொருள்கள் தடைசெய்யப்பட்ட ஆண்டுகளிலும் சங்கத்தை முற்றாக மூடவிடாமல் நடத்தியவர் என்ற மதிப்பு அவருக்கு இருந்தது. எந்த அங்கத்தவருக்கு எவ்வளவு முற்பணம் கொடுக்கப்பட்டது, எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்பன அவருடைய நினைவில் இருந்தன; கணக்குப் புத்தகத்தில் பாதியே இருந்தது. கணக்காய்வு பல ஆண்டுகள் பிந்தியிருந்தது. தட்டுப்பாட்டுக் காலத்துப் பழக்கத்தால் யோகட் கோப்பைகளையும் சீனியையும் களஞ்சியம் நிறைய வாங்கி அடுக்குவதும், குளிரூட்டும் தாங்கியைப் பழுது பார்க்கப் பணம் கேட்கும்போது பின்போடுவதும் அவருடைய வழமை. அவர் காலத்தில் சங்கம் நட்டப்படவில்லை, வளரவும் இல்லை.

தெரிவு

புதிய பொது முகாமையாளர் பதவிக்கு நேர்முகத் தேர்வு ஒரு புள்ளித்திட்டத்தின்படி நடந்தது. கல்வித் தகைமைக்கு ஒரு பகுதி, முகாமைத்துவ அனுபவத்துக்கு இன்னொரு பகுதி எனப் புள்ளிகள் பிரிக்கப்பட்டிருந்தன. அனுபவத்தில் குறைந்தபட்சத் தேவைக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் மேலதிகப் புள்ளி உண்டு. எந்த ஆண்டுகள், எங்கே கழிந்தவை, அவற்றில் விண்ணப்பதாரி கையால் செய்தது எது என்ற கேள்விக்கு அத்திட்டத்தில் இடமே இருக்கவில்லை. இவ்வாறான புள்ளித்திட்டங்கள் நம் நாட்டில் பரவலாக இருப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றுண்டு: வேண்டியவர், வேண்டாதவர் என்ற குற்றச்சாட்டிலிருந்து அவை சபையைக் காப்பாற்றுகின்றன. ஆயினும் எண்ணக்கூடியதை மட்டுமே அவை எண்ணுகின்றன.

இறுதிச் சுற்றில் இருவர் இருந்தனர். ஒருவர் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியைச் சேர்ந்தவர். தென்னிலங்கையில் ஒரு பெரிய தனியார் பால் நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, தொழிற்சாலையொன்றின் உற்பத்தி முகாமையாளராக உயர்ந்து, பெற்றோரின் முதுமை காரணமாக ஊர் திரும்ப விரும்பியவர். மற்றவர் சங்கத்தின் உதவி முகாமையாளரான பெண்மணி, 1990களின் தொடக்கத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, பால் சேகரிப்புப் பகுதியை நீண்ட காலமாகப் பொறுப்பேற்று நடத்தியவர், பட்டம் இல்லாதவர். முதலாமவர் பெரும் புள்ளி வித்தியாசத்தில் தெரிவானார். 2021இன் தொடக்கத்தில் பதவியேற்றார். பழைய முகாமையாளரோ அதற்கு முன்பே சென்றுவிட்டதால் இருவரும் ஒருநாளேனும் சேர்ந்து வேலை செய்யவில்லை.

முதல் அரையாண்டில் அவதானிக்கப்பட்டவை

புதியவர் கொண்டுவந்த அறிவு உண்மையானது என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. யோகட் புளித்துத் திரும்பி வருவது சங்கத்தின் பழைய தலைவலி. கடைகளில் மின்வெட்டு என்றே அதுவரை காரணம் சொல்லப்பட்டு வந்தது. அவர் பதவியேற்ற முதல் வாரத்தில் கழுவி அடுக்கியிருந்த பால் கானொன்றை எடுத்து, மூடியின் உட்புறத்து றப்பர் வளையத்தைத் திருகாணி முனையால் கிளப்பிக் காட்டினார். அடியில் மஞ்சளாகப் படிந்திருந்த பழைய பாலாடையைத் தொழிலாளர்கள் எல்லோரும் பார்த்தனர். அன்று முதல் வளையங்களைக் கழற்றிச் சோடாக்காரம் கலந்த வெந்நீரில் கழுவுவது ஒழுங்காயிற்று. குளிரூட்டும் தாங்கி திருத்தப்பட்டு, பால் வந்து சேர்ந்ததும் 4 பாகை செல்சியசுக்கு இறக்கப்பட்டது. திரும்பி வரும் யோகட் கண்கூடாகக் குறைந்தது. மாதக் கணக்கு மாதத்திலேயே முடிக்கப்பட்டு, பிந்திய கணக்காய்வும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறத் தொடங்கியது.

இவை நடந்த அதே மாதங்களில் சேகரிக்கப்படும் பாலின் அளவு மெல்லக் குறையத் தொடங்கியது. ஆவணி, புரட்டாதியில் வரட்சியால் பால் குறைவது வழமை என்பதால் எவரும் முதலில் பொருட்படுத்தவில்லை. சேகரிப்பாளர்களுக்குக் காரணம் தெரிந்திருந்தும் அவர்கள் மேலே சொல்லவில்லை. பழைய முகாமையாளரிடம் அவர்கள் காலையில் கான் இறக்கும்போதே ஊர்ப் புதினத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். புதியவர் எழுத்தில் அறிக்கை கேட்டார். எழுதிக் கொடுத்தால் யார்மேல் பழி விழும் என்று தெரியாத நிலையில் அறிக்கைகளில் எல்லாம் சுமுகமாகவே இருந்தன.

பால்மானிப் பிணக்கு

பிணக்கு வெளிப்பட்டது பாலின் அடர்த்தியை அளக்கும் கருவியான பால்மானியில். பசும்பாலுக்குப் பொதுவாக 28 முதல் 32 வரையான அளவீடு எதிர்பார்க்கப்படும். அதற்குக் கீழே இறங்கினால் தண்ணீர் கலந்திருக்கலாம் என்ற ஐயம் எழும். 28க்குக் குறைந்த பாலைச் சேகரிப்பு நிலையத்திலேயே திருப்பி அனுப்புமாறு முகாமையாளர் பணித்தார். ஆவணி மாதத்தில் ஒரு நிலையத்தில் ஒரே காலையில் பலருடைய பால் திருப்பப்பட்டது. அவர்களுள் ஒருவர் முப்பது ஆண்டுகளாகச் சங்கத்துக்குப் பால் ஊற்றிவரும் வயோதிபப் பெண். அவர் அலுவலகத்துக்கே நடந்து வந்து, “தம்பி, மாடு பசியில நிக்குது. பாலில தண்ணி விடுற குடும்பமோ எங்கட குடும்பம்? வந்து கறந்து பாரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். முகாமையாளர் செல்லவில்லை. மறுநாள் முதல் அவருடைய பால் ஒரு தேநீர்க் கடைக்குச் சென்றது.

நான் ஆராய்ந்தபோது இங்கு மூன்று காரணங்கள் ஒரே திசையில் வேலை செய்திருந்தமை தெரிந்தது. பால்மானி ஒரு குறித்த வெப்பநிலைக்கு அளவுசெய்யப்பட்ட கருவி. அதைவிடச் சூடான பாலில் அது தாழ்ந்த அளவீட்டையே காட்டும் என்பதால் வெப்பமானியும் திருத்த அட்டவணையும் உடன் தேவை. கறந்து அரைமணி நேரமேனும் ஆகாத பாலில் காற்றுக் குமிழ்களும் இளகிய கொழுப்பும் இருப்பதால் அளவீடு மேலும் குறையும். இவற்றுக்கு மேலாக, தீனி போதாத மாட்டின் பாலில் கொழுப்பல்லாத திண்மங்கள் குறைவதால் ஒரு துளி நீர் சேராமலே பால் மெலிந்து நிற்கும். சேகரிப்பு நிலையங்களில் வெப்பமானி இருக்கவில்லை. பால் வீட்டிலிருந்து நேரே, சூடு ஆறாமல் வந்தது. மாதமோ ஆவணி.

இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவருக்கு இது தெரியாதா என்று சபையில் கேட்கப்பட்டது. கேட்டபோது அவர் மூன்று காரணங்களையும் தயங்காமல் விளக்கினார். அறிவில் குறையில்லை, ஆனால் அவ்வறிவைக் கையிலெடுக்கும் தேவை அவருக்கு முன்னர் வந்ததில்லை. அவருடைய பழைய தொழிற்சாலையில் பால் குளிரூட்டப்பட்டுப் பவுசர் எனப்படும் தாங்கி வண்டியில் வந்தது. நூற்றுக்கணக்கான வீடுகளின் பால் ஒன்றாகக் கலந்திருந்தமையால் ஒரு மாட்டின் மெலிவு அளவீட்டில் தெரியவே தெரியாது. அங்கே 28க்குக் குறைந்தால் எங்கோ தண்ணீர் சேர்ந்திருக்கின்றது என்று கொள்வது பெரும்பாலும் சரி. அதே விதி இங்கே வேலிக்குழை தின்னும் ஒற்றைப் பசுவின் மேல் விழுந்தது.

கொடுப்பனவு முறையிலும் இதுவே நடந்தது. முன்னர் பத்து நாட்களுக்கு ஒருமுறை நிலையத்திலேயே காசாகக் கொடுக்கப்பட்ட பணம், மாதமுடிவில் வங்கிக் கணக்குக்கு மாற்றப்பட்டது. அவருடைய பழைய நிறுவனத்தோடு தொடர்புடைய பெரிய பண்ணைகளுக்கும் முகவர்களுக்கும் அது இடைஞ்சலாக இருக்கவில்லை. இங்கோ அந்தப் பத்து நாட் காசிலேயே அடுத்த பத்து நாளுக்கான புண்ணாக்கு வாங்கப்பட்டது. அக்காலத்தில் நாடெங்கும் இறக்குமதிப் பால்மாவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, 2021 ஒக்டோபரில் அதன் விலைக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டமையால், தேநீர்க் கடைகளும் வீடுகளும் பசும்பாலுக்குக் கைக்காசு கொடுக்க ஆயத்தமாயிருந்தன. சங்கத்தின் வீழ்ச்சி முழுவதையும் முகாமையாளரின் கணக்கில் எழுதுவது ஆகையால் நியாயமன்று. பால்மாத் தட்டுப்பாடு அங்கத்தவர்களுக்கு வெளியே செல்ல ஒரு வாசலைத் திறந்தது. சங்கத்தின் நடைமுறை அவர்களை அந்த வாசலை நோக்கித் தள்ளியது. ஆண்டிறுதியில் சங்கத்தின் தொழிற்சாலை முன்னெப்போதையும்விடச் செம்மையாக இயங்கியது, பாதிக் கொள்ளளவில்.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

சபையில் இரு கருத்துக்கள் இருந்தன. ஒரு பகுதியினர் அவரை நீக்கி உதவி முகாமையாளரை நியமிக்க வேண்டும் என்றனர். மறுபகுதியினர் அவருடைய தகைமைக்குமுன் ஊழியர்களே தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றனர். என்னுடைய பரிந்துரை இரண்டினின்றும் வேறுபட்டது.

அவருடைய பழைய பதவியின் ஒருநாள் வேலையை மணிக்கு மணி விபரிக்குமாறு கேட்டேன். விவசாயிகளோடு பேசுவதற்கு அந்நிறுவனத்தில் தனியான களப் பிரிவு இருந்தது. பணம் கொடுப்பது கணக்குப் பிரிவு. விற்பனை இன்னொரு கட்டடத்தில். இருபது ஆண்டுகளில் அவர் பால் ஊற்றும் விவசாயி ஒருவரோடு விலை பற்றிப் பேசியதே இல்லை. அவருடைய சாதனைகள் என்று விண்ணப்பத்தில் இருந்தவை பொய்யல்ல. அவற்றில் அவருடைய பங்கோடு அவரைச் சூழ்ந்திருந்த பிரிவுகளின் பங்கும் கலந்திருந்தது. அந்தப் பிரிவுகள் அவரோடு யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை.

இது இந்தச் சங்கத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரே காலத்தில் பல மருத்துவமனைகளில் இதய அறுவைச் சிகிச்சை செய்துவந்த மருத்துவர்களை ஆராய்ந்து ஹக்மன், பிசானோ ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மருத்துவர் ஒரு மருத்துவமனையில் அதிகமாகச் செய்த அறுவைச் சிகிச்சைகள் அம்மருத்துவமனையில் அவருடைய நோயாளரின் உயிர்தப்பும் வாய்ப்பைக் கூட்டினவேயன்றி, வேறிடத்தில் செய்தவை அவ்வாறு உதவவில்லை என்று கண்டனர். கையும் கத்தியும் ஒன்றே. சுற்றி நிற்பவர்கள் வேறு. 2009இல் டோக்கோ, வில்க், றொத்பார்ட் ஆகிய மூவர் காப்புறுதி நிறுவனமொன்றின் ஊழியர்களை ஆராய்ந்தபோது, முன் அனுபவம் அறிவையும் திறனையும் தருவதன் வழியாக வேலையை உயர்த்துகின்றது எனவும், அந்தப் பயனைக் கழித்துப் பார்த்தால் எஞ்சும் பழைய இடத்தின் பழக்கம் வேலையைக் கீழே இழுக்கின்றது எனவும் கண்டனர். எமது முகாமையாளரிடத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு அறைகளில் நிகழ்ந்தன: கான் கழுவுமிடத்தில் முதலாவது, சேகரிப்பு நிலையத்தில் இரண்டாவது.

ஆதலால் அவரை நீக்குவதற்குப் பதிலாகப் பதவியைப் பிரிக்கச் சொன்னேன். பால் சேகரிப்பு, அங்கத்தவர் கொடுப்பனவு ஆகியவற்றின் பொறுப்பு கையொப்ப அதிகாரத்தோடு உதவி முகாமையாளரிடம் கொடுக்கப்பட்டது. பத்து நாட் கொடுப்பனவு மீண்டது. பால்மானியை மட்டும் வைத்து எவருடைய பாலையும் திருப்பலாகாது எனவும், ஐயம் எழுந்தால் மறுநாட் காலை பணியாளர் முன்னிலையில் கறந்து, அந்தப் பாலோடு ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும் எனவும் விதி செய்யப்பட்டது. வயோதிப அங்கத்தவர் கேட்டதும் இதுவே. முகாமையாளர் மூன்று மாதங்களுக்கு வாரத்தில் இரு காலைகள் சேகரிப்பு வண்டியோடு செல்ல வேண்டும் எனவும், அப்போது எவருக்கும் உத்தரவிடலாகாது எனவும் இணங்கப்பட்டது. கடைசி நிபந்தனையை அவர் விரும்பவில்லை. ஆனாலும் ஏற்றார்.

பணிப்பாளர் ஒருவர் இதனை எதிர்த்து, ஒரு சங்கத்துக்கு இரு தலைகள் ஆகாது என்றார். அந்த எதிர்ப்பில் உண்மை இருந்தது. வரும் பாலில் எவ்வளவை யோகட்டுக்கு ஒதுக்குவது, எவ்வளவைப் பாலாகவே விற்பது என்பது இருவருடைய எல்லையிலும் விழுந்ததால், முதல் இரு மாதங்களில் இருவரும் மாறிமாறிக் கட்டளையிட, விற்பனைப் பகுதியினர் திண்டாடினர். பின்னர் ஒவ்வொரு மாலையும் இருவரும் ஒன்றாக அமர்ந்து மறுநாள் ஒதுக்கீட்டை எழுதி ஒப்பமிடும் வழக்கம் வந்தது.

2022: நெருக்கடி

இந்த ஏற்பாடு முழுமையாகக் காலூன்றுவதற்கு முன் நாட்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை சென்றது. ஏப்ரல் 12இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அறிவித்தது. ஜூன் இறுதியில் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றாயிற்று. குளிரூட்டும் தாங்கிக்கு மின்சாரமில்லை. மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லை. சேகரிப்பு வண்டிகளுக்கும் இல்லை.

முகாமையாளரின் அனுபவத்தில் இதற்கு ஒப்பான நாள் ஒன்றும் இருக்கவில்லை. உதவி முகாமையாளரின் அனுபவத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்தது. மோட்டார் சைக்கிளைப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில் வேலை பழகியவர் அவர். பால் வண்டியின் நீண்ட பாதைகளைக் கைவிட்டு, சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் அடையக்கூடிய சிறு வட்டங்களாகக் கிராமங்களைப் பிரித்தார். தூர நிலையங்களில் விறகடுப்பு மூட்டிப் பாலை அங்கேயே காய்ச்சி, தயிராக உறையவைக்கும் பழைய முறையை மீட்டார். ஓய்வுபெற்ற சேகரிப்பாளர்கள் இருவரை அழைத்துவந்து இளையோருக்கு அதனைப் பழக்கினார். இவை எவையும் எந்த நடைமுறைக் கைந்நூலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அதே வேளை, காய்ச்சும் வெப்பநிலை, நேரம், உறைமோரின் அளவு, தயிர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பவற்றை நிலையத்துக்கு நிலையம் சோதித்து அட்டவணையாக்கியவர் முகாமையாளரே. முதல் வாரத்தில் கெட்டுப்போன தயிரின் அளவு அவ்வட்டவணை வந்தபின் பெரிதும் குறைந்தது. வாரமிருமுறை வண்டியில் சென்றிருந்தமையால் நிலையங்களின் கிணறும் அடுப்பும் நிழலும் அவருக்குத் தெரிந்திருந்தன. சேகரிப்பாளர்களும் அவரிடம் வாய்விட்டுப் பேசத் தொடங்கியிருந்தனர். இந்திய மென்பொருள் நிறுவனமொன்றின் குழுக்களை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒவ்வொருவரும் நிறுவனத்தில் கழித்த ஆண்டுகளைவிட, அவரவர் அந்தந்தப் பொறுப்பில் பெற்ற அனுபவமும் ஒருவரோடொருவர் முன்னர் சேர்ந்து வேலை செய்திருந்தமையுமே குழுவின் பெறுபேற்றோடு இசைந்து நின்றதாகக் காட்டியது. சங்கத்தில் அந்தச் சேர்ந்த வேலைக்கு வயது அப்போது ஐந்தாறு மாதமே.

தட்டுப்பாட்டுக் கால அனுபவம் எல்லா இடத்திலும் சரியான வழியைக் காட்டியது என்றும் சொல்வதற்கில்லை. விலைகள் ஏறிக்கொண்டிருந்தமையால், கையிலுள்ள பணமெல்லாவற்றுக்கும் புண்ணாக்கு வாங்கி அடுக்கிவிட வேண்டும் என்று உதவி முகாமையாளர் வற்புறுத்தினார். காற்றோட்டமில்லாத களஞ்சியத்தில் புண்ணாக்கு பூஞ்சணம் பிடிக்கும் எனவும், பூஞ்சண நஞ்சான அஃப்ளாடொக்சின் மாட்டின் வழியே பாலுக்கும் வந்துவிடும் எனவும் முகாமையாளர் எச்சரித்தார். சபை நடுவழியாகப் பாதி வாங்கியது. விலையைப் பொறுத்தவரை உதவி முகாமையாளர் கணித்தது சரி. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. ஆனால் கார்த்திகை மழையில் களஞ்சியத்தின் மேற்கு மூலையில் இருந்த மூடைகள் பூஞ்சணம் பிடித்தன. அவற்றை மலிவு விலையில் கொடுக்கலாம் என்ற யோசனையை முகாமையாளர் ஏற்க மறுத்து, முழுவதையும் எரிக்கச் செய்தார்.

விளைவு

2023இன் முடிவில் சேகரிக்கப்படும் பால், வீழ்ச்சிக்கு முந்திய அளவை நெருங்கியிருந்தது, எட்டவில்லை. தீனி விலை தாங்காமல் 2022இல் மாட்டை விற்றவர்கள் திரும்பி வரவில்லை. அந்த இழப்பை எந்த முகாமையாளரும் தடுத்திருக்க முடியாது என்பதே என் கருத்து. தேநீர்க் கடைக்குச் சென்றவர்களுட் பெரும்பாலோர் மீண்டனர். எரிபொருள் சீரான பின்னரும் மூன்று சிறு வட்டங்கள் சைக்கிளிலேயே தொடர்கின்றன, செலவு குறைவு என்பதால். தயிர் நிரந்தர உற்பத்தியாயிற்று. கணக்காய்வு காலத்துக்கு முடிகின்றது. இளைய சேகரிப்பாளர்களுள் இருவர் வெளிநாடு சென்றனர்.

மாற்றப்பட வேண்டியவை

புள்ளித்திட்டத்தைக் கைவிட முடியாது. சபையும் அதனை விரும்பாது. அதில் ஆண்டுகளுக்கான புள்ளியை ஓர் உச்சவரம்புக்குள் நிறுத்தி, மிஞ்சியதைப் பணியின் உள்ளடக்கத்துக்கு மாற்றுமாறு பரிந்துரைத்தேன். விண்ணப்பதாரி கூறும் ஒவ்வொரு சாதனைக்கும், அப்போது எந்தப் பிரிவு உங்களுக்கு உதவியது, உங்களுக்கு மேலும் கீழும் யார் இருந்தனர், நீங்களே தீர்மானித்தது எது, இன்று அந்தப் பிரிவு இல்லாவிட்டால் அதனை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். எங்கள் முகாமையாளரிடம் இக்கேள்விகள் கேட்கப்பட்டிருந்தாலும் அவரே தெரிவாகியிருக்கக்கூடும். ஆனால் சேகரிப்புப் பொறுப்பு முதல்நாளே உதவி முகாமையாளரிடம் சென்றிருக்கும். உள்ளிருந்து வரும் விண்ணப்பதாரிக்கும் இதே கேள்விகள் பொருந்தும். பழைய முகாமையாளரின் முப்பது ஆண்டுகளில் எவ்வளவு தேர்ச்சி, எவ்வளவு ஒரு கடினமான காலத்தின் மிச்சப் பழக்கம் என்பதை எவரும் பிரித்துப் பார்த்ததில்லை.

பொறுப்புக் கையளிப்புக்கு ஒருநாளும் ஒதுக்காமல் விட்டமை பெருஞ்செலவை ஏற்படுத்தியது. பழைய முகாமையாளரின் நினைவிலிருந்த முற்பணப் பாக்கிகளை அங்கத்தவர்களிடமே கேட்டு எழுத ஏறத்தாழ ஓராண்டு சென்றது. பலர் நேர்மையாகச் சொன்னார்கள் என்பது சங்கத்தின் அதிர்ஷ்டம்.

முகாமையாளரின் ஒப்பந்தம் நீடிக்கப்பட்டுள்ளது. உதவி முகாமையாளர் ஓய்வுபெறும் வயதை நெருங்குவதால், அவருக்குப் பின் வருபவரை ஆறு மாதம் முன்னதாகவே நியமித்து, ஒரு வரட்சிக் காலமேனும் அவரோடு சேகரிப்பு வண்டியில் செல்லவிடச் சபை தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. சிறு வட்டங்களின் பாதை, காய்ச்சும் நிலையங்களின் பட்டியல், கறந்து பார்க்கும் நடைமுறை ஆகியவற்றை உதவி முகாமையாளர் சொல்லச் சொல்ல முகாமையாளரே எழுதி வருகின்றார்.